சிஸ்டர் பதில்கள்: கட்டிங் டீ, பச்சை வாந்தி, அம்மாவின் பெயர்

போன இதழில் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தாராவியிலிருந்து டோம்பிவிலி வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் டாக்டர் அல்ல. நாசரேத்தில் பிறந்து, 1978ல் பம்பாய் வந்து, முப்பது வருடத்துக்கு மேல் குழந்தைகள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள். அங்கே கண்டதையும், எங்கள் டாக்டர்கள் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கென்று தனி சர்ஜன் எதற்கு? பெரியவர்களுக்குச் செய்கிறவரே சின்னக் கருவிகளை வைத்துச் செய்யக் கூடாதா?
– பொறியியல் மாணவர், செம்பூர்

தம்பி, தாதர் ஸ்டேஷன் வாசலில் கட்டிங் டீ, அதாவது பாதி அளவு டீ, குடித்திருப்பீர்கள். மூன்று கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் சுமார் 250 மில்லி. நாலு கட்டிங் கிளாஸில் அடங்கிவிடும். உங்களுக்கு ஆபரேஷன் நடந்து 25 மில்லி ரத்தம் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்தக் குழந்தைக்கு அது பத்தில் ஒரு பங்கு. அதனால் ரத்தம் துடைத்த ஒவ்வொரு காஸ் துணித் துண்டையும் தூக்கிப் போடாமல் ஒரு சின்னத் தராசில் நிறுப்போம். நனையாத துண்டின் எடையைக் கழித்தால் மீதி எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி ரத்தம். நான் சத்தமாகச் சொல்வேன்: "எட்டு... பன்னிரண்டு... பதினைந்து." மயக்க மருந்து டாக்டர் அதைக் குறித்துக்கொண்டே வருவார்.

அப்புறம் சூடு. பிறந்த குழந்தையால் தன் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. தலை பெரிது, தோல் மெல்லியது, வயிற்றைத் திறந்தால் இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குழந்தை மூச்சு விட மறக்கும், ரத்தம் உறையாது. அதனால் குழந்தை தியேட்டருக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்பே பெரிய டாக்டர் குரல் கொடுப்பார்: "சிஸ்டர், ஏசி பந்த் கரா." ஏசியை நிறுத்துங்கள் என்று அர்த்தம். மும்பையின் மே மாதத்தில், ஏசி இல்லாத தியேட்டரில், மேலே கவுன், கையில் உறை, முகத்தில் மாஸ்க். நான் குழந்தையின் இரண்டு கால், இரண்டு கை, தலை எல்லாவற்றையும் பஞ்சு ரோலால் சுற்றிக் கட்டுவேன். தொப்புளைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவு தோல் மட்டும்தான் வெளியே தெரியும். டாக்டரின் நெற்றி வியர்வை அதன்மேல் சொட்டிவிடக் கூடாது என்பதற்காகவே பக்கத்தில் ஒருத்தி துணியோடு நிற்பாள். ஆறு வருடம் அந்த ஒருத்தி நான்தான்.

கருவி சின்னதாக இருந்தால் போதாது தம்பி. மருந்தின் அளவு, டிரிப்பின் சொட்டு, தையலின் நூல், அறையின் சூடு எல்லாமே வேறு கணக்கு.

இந்தத் துறைக்கு முன்னோடி என்று யாரைச் சொல்வீர்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், முலுண்ட்

ஐயா, ஒரே ஒருவரைச் சொல்வது கஷ்டம். புத்தகங்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்துதான் தொடங்கும். அங்கே வில்லியம் லாட் என்ற சர்ஜன் இருந்தார். 1917 டிசம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரமே நாசமானபோது, உதவிக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். பிறகு முழுக்கக் குழந்தைகளுக்கென்றே தன் தொழிலை ஆக்கிக்கொண்டார். அவரிடம் பயின்ற ராபர்ட் கிராஸ், 1938 ஆகஸ்ட் 26 அன்று, லாட் ஊரில் இல்லாத நேரத்தில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் இதயத்தருகே பிறந்த பிறகும் மூடாமல் இருந்த ரத்தக் குழாயைக் கட்டினார். அப்போது கிராஸுக்கு வயது 33, பயிற்சி டாக்டர்களில் மூத்தவர், அவ்வளவுதான். அந்தச் சிறுமி பிழைத்து நெடுநாள் வாழ்ந்தாள். குழந்தை இதய அறுவை சிகிச்சையின் கதவு அன்றுதான் திறந்தது. இருந்தாலும் தலைவர் இல்லாத நேரம் பார்த்துச் செய்ததை என்னால் முழு மனதோடு பாராட்ட முடியவில்லை. அந்தச் சிறுமிக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த வேலையைத் தொட இன்னொருவருக்குத் தைரியம் வர எத்தனை வருடம் ஆகியிருக்கும்?

என் மனசுக்கு நெருக்கமானவர் பில்லடெல்பியாவின் சி. எவரெட் கூப். 1916ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே சர்ஜன் ஆக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். கை பழக வேண்டும் என்று இடது கையாலும் வலது கையாலும் மாற்றி மாற்றிப் பத்திரிகைப் படங்களைக் கத்தரிப்பாராம். பத்து, பதினான்கு வயதில் வீட்டிலேயே பூனை, எலிகளுக்கு ஆபரேஷன் செய்து பார்த்திருக்கிறார். மயக்க மருந்து கொடுத்தது அவருடைய அம்மா! அந்த அம்மாவை நான் அடிக்கடி நினைப்பேன். பிள்ளை வீட்டுக்குள் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாமெல்லாம் விளக்குமாற்றைத் தேடுவோம்.

முப்பது வயதைத் தாண்டிய சமயத்தில் அவர் பில்லடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை சர்ஜன் ஆனார். 1981 வரை அங்கேதான். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன் என்றாலே பாதி நம்பிக்கை போய்விடும். கத்திக்குத் தப்பினாலும் மயக்க மருந்து கொன்றுவிடும். கூப்பும் அவருடைய மயக்க மருந்துக் குழுவும் பச்சைக் குழந்தையின் மூச்சுக் குழலுக்குள் சின்னக் குழாய் விட்டுப் பாதுகாப்பாக மயக்கம் கொடுப்பதைப் பழகினார்கள். 1956ல் அவர் செய்த காரியம்தான் என்னைப் போன்றவர்களுக்கு வாழ்க்கை கொடுத்தது. ஆபரேஷன் முடிந்த பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். அமெரிக்காவில் அதுவே முதலாவது. அதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இரவும் பகலும் பக்கத்திலேயே. ஆபரேஷன் இரண்டு மணி நேரம்தான். குழந்தை பிழைப்பதும் போவதும் அதற்குப் பிறகு வரும் பத்து இரவுகளில் என்பதை அவர் புரிந்துகொண்டார். அதனால்தான் என் கணக்கில் முன்னோடி அவர்.

ஒட்டிப் பிறந்த இரட்டையர்களை 1957லும் 1974லும் பிரித்தார். குழந்தை அறுவை சிகிச்சைக்கென்று 1966ல் வந்த தனி மருத்துவ இதழுக்கு முதல் ஆசிரியர் அவர். பின்னாளில் ரீகன் ஆட்சியில் அமெரிக்க அரசின் சர்ஜன் ஜெனரல், அதாவது மக்கள் சுகாதாரத்துக்கான தலைமை டாக்டர் ஆகி, 1988ல் எய்ட்ஸ் பற்றிய சிறு பிரசுரத்தை சுமார் 10 கோடியே 70 லட்சம் வீடுகளுக்கு அனுப்ப வைத்தார். பலருக்கு அவரை அதற்காகத்தான் தெரியும். 2013ல், 96 வயதில் காலமானார்.

என் பேரன் பிறந்து இருபது நாள். பால் குடித்ததும் கக்குகிறான். உரை மருந்து கொடுக்கலாமா, தொக்கம் எடுக்கலாமா? மருமகள் வேண்டாம் என்று சண்டை போடுகிறாள்.
– ஒரு ஆச்சி, தாராவி 90 அடி ரோடு

ஆச்சி, கோபப்படாமல் கேளுங்கள். நானும் நம்ம ஊர்ப்பக்கம்தான், எங்கள் வீட்டிலும் உரை மருந்து உரைத்தார்கள். ஆனால் இருபது நாள் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். தொக்கம் எடுக்கிறேன் என்று வாயில் விரலையோ குழலையோ விடுவது கூடவே கூடாது. இதில் உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி.

இப்போது முக்கியமானது. கக்குவது என்ன நிறம்? குடித்த பால் அப்படியே கொஞ்சம் வழிந்தால், குழந்தை சிரித்துக்கொண்டு எடையும் ஏறினால், தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வையுங்கள், போதும். ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடித்தது மாதிரி தூரப் போய் விழுந்து, உடனே மறுபடி பசியில் அழுதால், இரைப்பையின் வெளிவாசல் தடித்திருக்கலாம். மூன்றிலிருந்து ஆறு வாரக் குழந்தைகளுக்கு, அதிகமாக ஆண் குழந்தைகளுக்கு, அது வரும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பச்சையாக இருந்தால், ஆச்சி, வேப்பிலை அரைத்த நிறத்தில் இருந்தால், ஒரு நிமிஷம் கூட உட்காராதீர்கள். நடு ராத்திரி என்றாலும் டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். அம்மா வயிற்றில் மூன்றாவது மாதம் வரைக்கும் குழந்தையின் குடல் தொப்புள் கொடிக்குள் இருக்கும். அப்புறம் முக்கால் சுற்றுச் சுற்றிக்கொண்டு வயிற்றுக்குள் போய்த் தன் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு அந்தச் சுற்று பாதியில் நின்றுவிடும். ஒட்டாத குடல் ஒரு நாள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் குடல் கறுத்துவிடும். வழி அடைபடுவதால் பித்தம் மேலே வந்துதான் வாந்தி பச்சையாகிறது. முறுக்கைப் பிரித்து, அழுத்துகிற பட்டைகளை வெட்டி, குடலைப் பாதுகாப்பாக அடுக்கி வைக்கும் ஆபரேஷனை 1930களில் வகுத்துக் கொடுத்தவர் மேலே சொன்ன லாட். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் குழந்தை, பதினொரு நாள். வீட்டில் ஒரு ராத்திரி முழுக்க வசம்பு வைத்துப் பார்த்துவிட்டுக் காலையில் கொண்டுவந்தார்கள். வயிற்றைத் திறந்தபோது குடல் முழுக்க நாவல்பழ நிறம். டாக்டர் முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்துத் துணியை எடுத்தார். மேலே ஒரு முழம் மட்டும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. மீதி அப்படியே. அந்தக் குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. அந்தப் பாட்டியும் உங்களைப் போல அன்பானவர்தான், ஆச்சி. யாரும் அவருக்கு நிறத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு நிறமும் உண்டு. மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மூத்திரம் அடர்ந்த மஞ்சளாக இருந்தால், பித்தக் குழாய் அடைத்திருக்கலாம். ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற சர்ஜன் 1950களில் இதற்கு ஒரு ஆபரேஷன் கண்டுபிடித்தார். குழந்தைக்கு அறுபது நாள் ஆவதற்குள் செய்தால்தான் நல்ல பலன். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

மூன்று மாதக் குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷன். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வலி தெரியாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– இளம் தாய், ஆண்டாப்ஹில்

இல்லை அம்மா. வலி தெரியும். நன்றாகவே தெரியும்.

உங்கள் உறவினரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒரு காலத்தில் உலகம் முழுக்க டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். நரம்பு முதிரவில்லை, நினைவிலும் நிற்காது என்றார்கள். வலி மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயமும் இருந்தது. அதனால் பச்சைக் குழந்தைக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொஞ்சம் சிரிப்பு வாயுவும் கொடுத்தே ஆபரேஷன் செய்வது பல இடங்களில் வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். குழந்தை அசையாது, அழாது. ஆனால் நாடித்துடிப்பு 200ஐத் தொடும். விரலில் அது தெரியும்போது என் வயிறு கலங்கும். கேட்கத் துணிச்சல் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கேட்டவர் நம் நாட்டுக்காரர். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டுக்குப் போன டாக்டர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். ஆபரேஷன் முடிந்து வரும் குறைமாதக் குழந்தைகள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று யோசித்து, அவற்றின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்களை அளந்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமான மயக்கம், இன்னொரு பிரிவுக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலி மருந்து. மருந்து பெற்ற குழந்தைகளின் உடம்பு அமைதியாக இருந்தது, பிறகு வந்த சிக்கல்களும் குறைந்தன. 1987ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளிவந்தது. மெல்ல மெல்ல உலகமே பழக்கத்தை மாற்றிக்கொண்டது.

ஆகவே தைரியமாக இருங்கள். இன்றைக்கு உங்கள் குழந்தைக்கு முழு மயக்கமும் வலி மருந்தும் கிடைக்கும். எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார். அதை எழுதி வாங்கிக்கொண்டு அப்படியே கடைப்பிடியுங்கள். இரக்கப்பட்டுப் பாட்டி ஒரு சங்கு பால் புகட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழித்ததும் டாக்டர் சொன்னவுடன் மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். அதுவும் வலிக்கு மருந்துதான்.

சைக்கிளிலிருந்து விழுந்த என் மகனுக்கு மண்ணீரல் கிழிந்திருக்கிறது என்றார்கள். ஆனால் ஆபரேஷன் செய்யாமல் படுக்க வைத்துப் பார்த்தே அனுப்பிவிட்டார்கள். அலட்சியமா?
– ஒரு அப்பா, டோம்பிவிலி

அலட்சியம் இல்லை. அது ஒரு நல்ல பாடம், அதில் ஒரு இந்திய சர்ஜனுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் மண்ணீரல் கிழிந்தால் எடுத்துவிடுவார்கள். டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையில், சிறுவர்களுக்கு அந்த ரத்தக் கசிவு பெரும்பாலும் தானாகவே நிற்பதைக் கவனித்தார்கள். பி. உபாத்யாயாவும் சிம்ப்சனும் சேர்ந்து 1968ல் அதை எழுதினார்கள். உபாத்யாயா பிறகு டெல்லி எய்ம்ஸில் குழந்தை அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைமை தாங்கினார். மண்ணீரல் இல்லாத குழந்தைக்குச் சில கிருமிகள் உயிருக்கே ஆபத்தாக முடியும், அதனால் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுவதே நல்லது. கத்தியை எப்போது எடுக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பதும் முன்னோடி வேலைதான். டாக்டர் சொன்ன காலம் வரைக்கும் சைக்கிளும் கிரிக்கெட்டும் வேண்டாம்.

என் மகளின் மதிப்பெண் பட்டியலில் அம்மா பெயர் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. இதைக் கொண்டுவந்தவர் ஒரு குழந்தை சர்ஜன் என்று கேள்விப்பட்டேன். அப்படியா?
– இல்லத்தரசி, மாட்டுங்கா

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆமாம், டாக்டர் ஸ்நேகலதா தேஷ்முக். குழந்தை சர்ஜன், சயான் மருத்துவமனையின் டீனாக இருந்தவர், 1995 முதல் 2000 வரை மும்பைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் காலத்தில்தான் மாணவர்களின் சான்றிதழ்களில் அம்மாவின் பெயரும் இடம் பெற்றது. 2024 ஜூலையில் காலமானார்.

பெண்கள் சர்ஜரிக்குள் நுழைவதே அபூர்வமாக இருந்த காலத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவர். தாராவி, கோலிவாடா, ஆண்டாப்ஹில் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை பேர் சயானின் படி ஏறியிருப்பார்கள்! அதே சயானில்தான் 1989ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது. குடலில் ஆபரேஷன் செய்த குழந்தைக்குத் தாய்ப்பாலைப் போல ஒத்துக்கொள்வது வேறு எதுவும் இல்லை.

வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கேஸ் பேப்பரில் அப்பா பெயர் இருக்கும், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடப்பது அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கு "சிஸ்டர், மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்று ஓடி வருவதும் அம்மா. ஒரு குழந்தை சர்ஜன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த வரியைச் சேர்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மகனுக்கு எட்டு மாதம். ஒரு விரை இன்னும் இறங்கவில்லை. ஐந்து வயது வரை பொறுக்கலாமா?
– பெயர் வெளியிட வேண்டாம்

பொறுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் தானாக இறங்குவது அரிது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. இப்போதே குழந்தை சர்ஜனைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்களால் மறக்க முடியாத குழந்தை?
– கல்லூரி மாணவி, சயான் கோலிவாடா

1981, மழைக்காலம். பிறந்து ஒரு நாள் ஆன ஆண் குழந்தை. வாயில் நுரை வந்துகொண்டே இருந்தது, துடைக்கத் துடைக்க வந்தது. வாய் வழியே மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தோம். பத்து சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. உணவுக் குழாய் பாதியில் முடிந்து, கீழ்ப்பாதி மூச்சுக் குழலோடு ஒட்டியிருந்தது. 1941ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் கேமரன் ஹைட் என்ற சர்ஜன் இரண்டு முனையையும் ஒரே ஆபரேஷனில் இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைக்கும் வரை, இப்படிப் பிறந்தவர்களுக்கு அது எட்டாத கனவு.

எங்கள் டாக்டர் வலது தோள்பட்டைக்குக் கீழே திறந்து இணைத்தார். அதன் பிறகு ஒன்பது இரவு. தண்டவாளம் மூழ்கி ரயில் ஓடாத இரண்டு நாள் நான் வீட்டுக்கே போகவில்லை. எச்சில் நுரையீரலுக்குள் போகாமல் கால் மணிக்கு ஒரு தடவை உறிஞ்சி எடுக்க வேண்டும், குழாயை அளந்த தூரத்துக்கு மேல் ஒரு இம்மி கூட விடக் கூடாது, தையலில் இடித்துவிடும். குழாயில் அந்த இடத்தில் நான் பிளாஸ்டர் சுற்றி அடையாளம் வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் சாய மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. டாக்டர் அந்த அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். விழுப்புரம் பக்கத்துப் பெண், இருபது வயது இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிச் சங்கைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஐந்து மில்லி தாய்ப்பால். அவள் கை நடுங்கியது, நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். சங்கின் நுனி உதட்டில் பட்டதும் குழந்தை சப்புக்கொட்டியது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. நாங்கள் மூன்று பேரும் அதன் வாயோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நுரை வரவில்லை.